ஒரு பெட்டிக்கான வெயில்

சூரியன் இலவசம் என்று சொன்னவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். குளிரறையைத் திறந்து வைத்த அன்று மேடையில் ஏறிய ஒவ்வொருவரும் அதைச் சொன்னார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழவில்லையோ, அல்லது நல்ல வார்த்தையை எத்தனை முறை சொன்னாலும் தேயாது என்று நினைத்தார்களோ தெரியாது. ரோகிணி ஆரத்தித் தட்டோடு பந்தல் ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் சூடம் கரைந்துகொண்டிருந்தது. உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது.

மீன்காரிக்கு வெயிலைப் போல ஒரு விரோதி கிடையாது. அதை மேடையில் இருந்த யாரும் சொல்லவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, இரண்டு ரிசார்ட் மதில்களுக்கு நடுவே இறங்கும் சந்தில் போனால் வருகிற அந்தக் குப்பத்தில், பிறந்த நாளிலிருந்து ரோகிணி வெயிலோடு சண்டை போட்டுத்தான் பிழைத்தாள். வெயில் ஏற ஏற மீனின் கண் வெளுக்கும். கண் வெளுக்க வெளுக்க விலை இறங்கும். வியாபாரிகளுக்கு இது தெரியும். வண்டியை நிழலில் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டு சாவகாசமாகக் காத்திருப்பார்கள். அவர்களுக்கு அவசரமில்லை, வெயில் அவர்கள் கட்சி. கடைசியில் பெண்களே போய், "எடுத்துக்கினு போங்க, இன்னா குடுக்கறீங்களோ குடுங்க" என்று கெஞ்ச வேண்டும்.

அந்த வெயிலையே பிடித்துக் கூரைமேல் கட்டிப்போட்டு, அதைக் கொண்டே மீனைக் குளிர வைக்கலாம் என்று ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்து சொன்னபோது ரோகிணி நம்பவில்லை. நம்பினது பார்வதம்தான். ஐம்பது வயதுக்காரி, புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், ஊரில் யாருக்கும் அடங்காத வாய். கூட்டம் கூட்டமாக அலைந்தாள், செங்கல்பட்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள், பெண்களை ஒரு குழுவாகச் சேர்த்தாள், ரோகிணியைக் கையைப் பிடித்து இழுத்துத் தன்னோடு நிறுத்திக்கொண்டாள். அவள் அத்தனை பாடுபட்டதற்குக் காரணம் ஒன்றுதான். அவள் மகள் சுஷ்மிதா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். படகோடு போன அப்பாவுக்குப் பின்னால் வீட்டைத் தூக்கி நிறுத்தப் போனவள், போனவள்தான்.

"நம்ப மீன நாம சொல்ற வெலைக்கு வித்தோம்னு வையி, இந்தப் பொங்கலுக்கு அவள வந்துடுன்னு சொல்லிடுவேன்" என்பாள் பார்வதம். எந்தப் பேச்சை எடுத்தாலும் அங்கேதான் வந்து முடிப்பாள்.

அறை வந்தது. வெள்ளைத் தகடு போர்த்திய பெரிய பெட்டி, கனத்த கதவு, கூரைமேல் கறுப்புப் பலகைகள், பக்கத்தில் பேட்டரி வைக்கிற சின்ன அறை. சாவி ரோகிணியிடம். ஒரு பருவம் ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் அறை குப்பத்துப் பெண்களுக்கே சொந்தம், இல்லாவிட்டால் கழற்றிக்கொண்டுபோய் வேறு கடலோர ஊருக்குக் கொடுப்போம் என்று நிறுவனத்தார் சொல்லியிருந்தார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாடு நம்மைப் பல்லைப் பிடித்துப் பார்த்தது. இருந்தாலும் அந்தச் சில மாதங்களில் முதல்முறையாகப் பெண்கள் வியாபாரிகளிடம், "அந்த வெலைக்கு வேணாம்னா போயிட்டு நாளைக்கு வாங்க" என்று சொல்லிப் பார்த்தார்கள். சொன்ன அன்று ராத்திரி பலருக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் வியாபாரிகள் வந்தார்கள்.

அப்புறம் புயல் வந்தது.

புயலைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது. வருஷா வருஷம் ஒரு பெயரோடு வருகிறது, போகிறது. இது போகும்போது சாலையோரத்து மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டு, ஈசிஆர் நெடுஞ்சாலைக்குப் போகிற வழியில் இருந்த சிறுபாலத்தையும் பெயர்த்துக்கொண்டு போனது. குளிரறையின் கூரையில் பாதிப் பலகைகள் பறந்து சவுக்குத் தோப்பில் நொறுங்கிக் கிடந்தன. மீதிப் பாதி தப்பித்தது. குப்பத்தில் எங்கேயும் கரண்ட் இல்லை. குளிரறை மட்டும் முனகிக்கொண்டே ஓடியது. சனங்கள் போனுக்கு சார்ஜ் போட அங்கே வரிசையில் நின்றார்கள்.

கடல் கொஞ்சம் அடங்கியதும் படகுகள் போயின. புயல் கலக்கிவிட்ட கடலில் மீன் அள்ளிக்கொண்டு வரும் என்பது தெரிந்ததுதான், ஆனால் அன்று வந்தது வேறு மாதிரி. வஞ்சிரமே கூடை கூடையாக வந்தது. வௌவாலும் கொடுவாவும் அதற்கு மேல். வாங்க ஆளில்லை. வண்டி வர வழியில்லை, ஐஸ் தொழிற்சாலைக்கும் கரண்ட் இல்லை. மற்ற வருஷமாக இருந்தால் பாதியைக் கடலிலேயே திருப்பிக் கொட்டியிருப்பார்கள். இந்தத் தடவை பெண்கள் மொத்தத்தையும் சுமந்து வந்து அறைக்குள் அடுக்கினார்கள். சுற்று வட்டாரத்தில் வேறு எங்கேயும் மீன் நிற்காது. வழி திறக்கிற அன்று இந்த மீனுக்கு அவர்கள் சொன்னதுதான் விலை.

பார்வதம் தலைச்சுமையாக எத்தனை நடை நடந்தாளோ. கதவைச் சாத்தியதும், "அப்பாடா" என்று அறைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"ரோகிணி, எனக்கு இன்னாமோ மாரி கீதுடி" என்றாள்.

ரோகிணி தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் அவள் தலை ஒரு பக்கம் தொங்கிவிட்டது. இரண்டு பேர் தோளில் போட்டுக்கொண்டு உடைந்த பாலம் வரை ஓடினார்கள். அதற்கு மேல் ஓடத் தேவையில்லை என்று தெரிந்து, நடந்து திரும்பி வந்தார்கள்.

ஊர்த் தலைவர் தர்மராஜ் நல்ல மனுஷர். ரோகிணிக்குத் தூரத்து மாமன் முறை. குப்பத்தில் சாவு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் வராது. பிணம் ஊரை விட்டுப் போகும்வரை படகு இறங்காது, ஏலம் நடக்காது, ஒரு மீன் கைமாறாது. அது கடல்காரர்களின் வழக்கம், அதை மாற்ற யாரும் கேட்டதுமில்லை. அவர் தள்ளிப்போய் மணலில் நின்று யாரிடமோ போனில் பேசிவிட்டு ரோகிணியிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"பொண்ணுக்கு போன் போட்டேன்மா. அழுதுச்சி. வரேன்னுச்சி. நாளைக்கு மத்தியானம் வந்துடுமாம்."

"சரி மாமா."

"அதுவரைக்கும் வச்சாவணும். பெத்த புள்ள மொகம் பாக்காம எடுத்தா, அந்தப் பாவம் ஊர வுடாது. ஊர்ப் பொதுவுல ஐஸ் பொட்டி கீது. கரண்டுதான் இல்ல."

அவர் பார்வை எங்கே போகிறது என்று ரோகிணிக்குத் தெரிந்தது. குப்பத்தில் கரண்ட் இருக்கிற இடம் ஒன்றுதான்.

நாவலூரில் இருக்கும் பரணிதரனைப் போனில் பிடித்தாள். பலகைகளை மாட்டிய கம்பெனியின் எஞ்சினியர் பையன், புயல் நாளிலிருந்து எல்லா ஊரிலிருந்தும் அவனுக்கு ஓயாமல் போன். குரலே இல்லை.

"ரூமையும் ஐஸ் பெட்டியையும் ஒண்ணா போடாதீங்க அக்கா. பாதி பேனல் போச்சு, மேகம் வேற. போட்டீங்கன்னா மொத்தமா நின்னுடும். ஒண்ணுதான் ஓடும்."

"அறைய நிறுத்தனா மீனு எவ்ளோ நேரம்பா தாங்கும்?"

"கதவத் தொறக்காம இருந்தீங்கன்னா நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல நான் உத்தரவாதம் தர முடியாது."

நாளை மத்தியானம் பெண் வருகிறாள். சாயங்காலத்துக்குள் எடுத்துவிடலாம். எடுத்ததும் அறையை ஓட்டிவிடலாம். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஏழைகளின் கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும், நடுவில் ஒன்றும் நடக்காமல் இருந்தால். ரோகிணி மற்ற பெண்களைப் பார்த்தாள். ஒருத்தியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அவரவர் பிழைப்பு உள்ளே அடுக்கியிருந்தது, அவரவர் சிநேகிதி வெளியே கிடந்தாள்.

ரோகிணி குளிரறையை அணைத்தாள். முனகல் நின்றது. ஐஸ் பெட்டியின் ஒயர் நீளம் போதாததால் பெட்டியையே அறையின் பக்கத்துக்குக் கொண்டுவந்து, மேலே தார்ப்பாய் கட்டி, பார்வதத்தை அதில் கிடத்தினார்கள். அவள் அடுக்கிய மீன் சுவருக்கு அந்தப்பக்கம், அவள் இந்தப்பக்கம்.

மறுநாள் காலையில் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தமாதிரி ஹமீது பாய் வந்து நின்றார். சதுரங்கப்பட்டினத்து மீன் வியாபாரி. விலை பேசுவதில் கறார், பேசிய விலையில் நாணயம். திருக்கழுக்குன்றம் சுற்றி, வயல்வழியில் வண்டியை உருட்டி, எங்கிருந்தோ ஐஸும் தேடிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அறை நிறைய மீன் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கேட்ட விலையைக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டேதான் வண்டியை விட்டு இறங்கினார். இறங்கியவர் தார்ப்பாயைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு பெட்டி அருகே போய்க் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றார்.

"நேத்து முந்தாநேத்துகூட போன்ல என்கிட்ட சண்ட போட்டுச்சும்மா இந்த அம்மா" என்றார். "எப்ப எடுக்கறீங்க?"

"மத்தியானம் பாய். பொண்ணு வந்துகினு கீது."

"அப்ப நான் நிக்கறேன்."

பாலத்துக்கு இந்தப்பக்கம் வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டு அவர் காத்திருந்தார். ரோகிணிக்கு அன்றுதான் முதல்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது. பார்வதத்தைப் பார்த்து, "ஒன் மீன ஒன் வெலைக்கே குடுக்கப் போறேங்க்கா" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் பெண் வரவில்லை. தர்மராஜுக்குப் போன்தான் வந்தது. மீனம்பாக்கத்தில் மழையாம், விமானத்தைப் பெங்களூருக்குத் திருப்பிவிட்டார்களாம். அங்கிருந்து பஸ் பிடித்து வந்துசேர மறுநாள் காலை ஆகும்.

ரோகிணி தர்மராஜிடம் போனாள். அவர் மனைவி நீட்டிய டீயைக் கையில் வாங்கினாள், குடிக்கவில்லை.

"மாமா, பாய் வண்டி நிக்குது. மீன மட்டும் ஏத்தி அனுப்பிடட்டா? ஒரு மணி நேர வேல. யாரும் கூவ வேணாம், ஏலம் போட வேணாம். கம்முனு ஏத்திடறோம்."

தர்மராஜ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் திருப்பிப் பேசியிருப்பாள்.

"நீயே சொல்லும்மா" என்றார். "அந்தப் பொம்பள அங்க படுத்துனு கீது. அது தலமாட்டுல நின்னுகினு நீ மீன் விப்பியா?"

விற்பேன், அவளே எழுந்து வந்தால் முதல் கூடையை அவளே தூக்கி ஏற்றுவாள் என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். ஆனால் சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். ரோகிணி டீயைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

ஹமீது பாயிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தாள். பின்பக்கமாக வந்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று. கேட்கும்போதே நாக்கு கூசியது.

"வேணாம்மா" என்றார் அவர். "சாவு வூட்டு மீன வாரிக்கினு போனான் பாய்னு நாளைக்குப் பேசுவாங்க. ஒரு குப்பத்துலயும் அப்புறம் என்னை வுடமாட்டாங்க. இருபது வருஷமா உங்க வழக்கத்துக்குக் கட்டுப்பட்டுதான் யாவாரம் பண்றேன்." அவர் வண்டியில் இருந்த ஐஸ் கரைந்து சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. "இந்த ஐஸுக்கு நான் இன்னிக்கு எங்கனா மீன் போட்டாவணும். மன்னிச்சுக்கோம்மா."

வண்டி போன பிறகும் ரோகிணி அங்கேயே நின்றாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று அவள் அம்மா அடிக்கடி சொல்வாள். வாய்க்கே எட்டிய பிறகு பிடுங்கிக்கொண்டு போனால் அதற்கு ஒரு பழமொழியும் இல்லை.

சாயங்காலம் பேட்டரி அறைக்குள் போய் அந்தச் சுவிட்சின் முன்னால் நின்றாள். பரணிதரன் சொன்ன நேரம் வந்துவிட்டது. இப்போது ஐஸ் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு அறையை ஓட்டினால் மீன் பிழைக்கும். பார்வதத்தை இன்றைக்கே எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் நாளைக் காலையில் வேறு வண்டிக்குச் சொல்லலாம். யாரும் அவளைத் தடுக்கவில்லை, சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. கையை வைத்தாள். சிநேகிதியின் மகள் எங்கேயோ ஒரு பஸ்ஸில் ஜன்னலில் தலைசாய்த்து உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. கையை எடுத்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது. சுஷ்மிதா.

"சித்தி, பெங்களூர்லேர்ந்து பஸ் ஏறப் போறேன். அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா. நீ வா."

"எல்லாரும் எனக்காகவா வெயிட் பண்ணிகினு இருக்கீங்க?"

"பின்ன யாருக்கு. நீ வந்தாதான்."

அந்தப்பக்கம் பஸ்காரன் ஒருவன் ஊர்ப் பெயரைக் கத்திக்கொண்டிருந்தான்.

"சித்தி..."

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல. வரேன்."

மீனைப் பற்றிச் சொல்லலாமா என்று ரோகிணிக்கு நாக்கு நுனி வரை வந்தது. அம்மா செத்த பெண்ணிடம், உன் அம்மாவை எடுக்கட்டுமா, மீன் கெட்டுப்போகிறது என்று எந்த வாயால் கேட்பது? அப்படிக் கேட்கிற வாய் அவளுக்கு இல்லை. கேட்டிருந்தாலும் ஊர் வாய் சும்மா இருக்காது, அதை மூட உலைமூடியும் கிடையாது. போனை வைத்துவிட்டு வெளியே வந்து, பெட்டியின் கண்ணாடிமேல் படிந்திருந்த நீரைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பார்வதத்தின் முகம் தெளிவாகத் தெரிந்தது. எப்போதும் ஏதோ சொல்ல வாயெடுத்தவள் மாதிரியே இருப்பாள், இப்போதும் அப்படித்தான் இருந்தாள். ரோகிணி அந்த வாயைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டாள்.

காலையில் சுஷ்மிதா வந்தாள். கையில் ஒரு சின்னப் பை மட்டும். ஊரே எழுந்து நின்று ஓவென்று அழுதது. அவள் அழவில்லை, பெட்டிமேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள், யாரோ வந்து தூக்கும்வரை. தர்மராஜ் கூட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பார்த்தீர்களா, வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று என்று அதற்கு அர்த்தம். எல்லாரும் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். ரோகிணியும்தான். அந்த நிமிஷத்தில் அவளுக்கும் அது நல்லதாகத்தான் பட்டது, அதை மறைப்பானேன்.

எடுத்துக்கொண்டு போய், எல்லாம் முடிந்து, தலை முழுகிவிட்டுப் பெண்கள் குளிரறைக் கதவைத் திறந்தார்கள். திறந்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

உள்ளே இருந்ததைக் கருவாடாகவாவது போடலாம் என்றால், புயலில் உப்பு மூட்டைகள் கரைந்து போயிருந்தன. வெயிலும் இல்லை. கோழித்தீவனத்துக்கு எடுக்கிறவனுக்குப் போன் போட்டார்கள், பாலம் சரியானால் வருகிறேன் என்றான். கடைசியில் சவுக்குத் தோப்பு ஓரம் பள்ளம் தோண்டினார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. நிறுவனத்துக்காரர்களிடம் என்ன சொல்வது என்று ஒருத்தி கேட்டாள். காலையில் ஒரு சாவு, சாயங்காலம் இன்னொன்று என்று நினைத்துக்கொண்டு ரோகிணி கூடை கூடையாகச் சுமந்தாள். கழுத்து கடுத்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று தெரிந்ததால் உட்காரவில்லை.

மற்ற பெண்கள் போன பிறகு சுஷ்மிதா வந்தாள். மூக்கைப் பொத்தவில்லை. மீன்காரி மகள்.

"இன்னா சித்தி இது, இவ்ளோ நாத்தம்?"

"மீனும்மா."

"அம்மா அன்னிக்கு மீன் சொமந்துகினே போன்ல சொல்லிச்சே, வஞ்சிரத்தால ரூம் நெறையப் போவுதுன்னு, அதுவா?"

ரோகிணி தலையாட்டினாள்.

"ரூம் இருக்கச்சொல்லோ எப்படிக் கெட்டுச்சு?"

மறைத்துப் பயனில்லை. ரோகிணி சொன்னாள். பாதிப் பலகை பறந்தது, ஒன்றுதான் ஓடும் என்று பரணிதரன் சொன்னது, ஹமீது பாய் வந்தது, நின்றது, போனது. சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் மாறிக்கொண்டே வந்தது. காலையில் பெட்டிமேல் படுத்திருந்தபோதுகூட அந்த முகம் அப்படி இல்லை.

"எனக்காகவா?" என்றாள்.

"நீ வரேன்னு சொன்னியேம்மா."

"நான் எங்க சித்தி சொன்னேன்? மாமா போன் பண்ணி, ஒங்கம்மாவ வச்சிருக்கோம், நீ வந்தாதான் எடுப்போம், எப்ப வரேன்னு கேட்டாரு. வச்சிகினு கீறோம்னு சொல்றவங்ககிட்ட வரலன்னு எப்படிச் சொல்றது? பெத்தவ பொணத்தப் போட்டுட்டு வராதவன்னு நாளைக்கு ஊரு சொல்லாதா? அதான் வரேன்னேன்."

ரோகிணி மண் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்தாள்.

"போன்லயே மொகத்தக் காட்டுங்க, எனக்காக வெயிட் பண்ணாதீங்கன்னு சொல்லத்தான் நெனச்சேன். நேத்து பெங்களூர்லேர்ந்துகூட ஒங்ககிட்ட சொல்ல வந்தேன். நீங்க எல்லாரும் காத்துகினு கீறோம்னு சொன்னீங்க. வாய மூடிக்கினேன். அம்மா மொகத்த நான் தெனமும் போன்லதான் சித்தி பாத்துகினு இருந்தேன்."

"நானும் கேக்கணும்னுதாம்மா இருந்தேன்" என்றாள் ரோகிணி. "வாய் வரல."

கடல் பக்கமிருந்து படகைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. பிணம் போய்விட்டது, இனி கடலுக்கு இறங்கலாம்.

"எத்தினி நாளும்மா லீவு?"

"நாளைக்குப் போவணும்."

"நாளைக்கா? காரியம்?"

"அதுக்கெல்லாம் இருக்க முடியாது. நான் வேல செய்யற வூட்டு அம்மா லீவே தரமாட்டேன்னுச்சி. இந்த ஜனவரியோட எனக்கு அக்ரிமெண்ட் முடியுதில்ல, நான் திரும்பி வராம போயிடுவேன்னு பயம். இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போன்னுச்சி." அவள் தோளைக் குலுக்கினாள். "போட்டுட்டு வந்தேன்."

பொங்கலுக்கு அவளை வந்துடுன்னு சொல்லிடுவேன் என்று பார்வதம் சொல்லாத நாளில்லை. கூடை கூடையாகச் சுமந்தது இவளைக் கொண்டுவரத்தான். அவள் சுமந்ததையும் கெடுத்து, அவளைச் சாக்காக வைத்தே மகளை இன்னும் இரண்டு வருஷம் விற்றுவிட்டோம். இதில் கெட்டவர் ஒருவருமில்லை. தர்மராஜ் நல்லவர், பாய் நல்லவர், ஊர் நல்ல ஊர். ரோகிணிக்கு ஆத்திரம் வந்தது, யார்மேல் காட்டுவது என்று தெரியாத ஆத்திரம். சுவிட்சில் வைத்த கையை ஏன் எடுத்தோம் என்று அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அப்படியே வாசலில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெட்கமில்லாமல் சத்தமாக அழுதாள்.

சுஷ்மிதா கிட்டே வந்தாள்.

"அழாதீங்க சித்தி. ஒங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்கு வெயில் வந்தா ரூம் ஓடுமில்ல?"

"ஓடும்."

"அப்ப கழுவி வுட்டாவணும். நாத்தம் புடிச்சிகிச்சின்னா போவாது."

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். குழாயடியிலிருந்து வாளியை நிரப்பி வந்து உள்ளே போனாள். மீன் ரத்தமும் கொழுப்பும் பிசுபிசுத்த தரையில் மண்டியிட்டு, மூலையிலிருந்து தொடங்கி, ஒரு இடம் விடாமல் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்த இடத்தைத் துடைத்தாள், துடைத்த துணியைப் பிழிந்தாள், பின்னோக்கி நகர்ந்து அடுத்த இடத்தைத் தேய்த்தாள். பக்கத்தில் யாரோ நின்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல அத்தனை சுத்தமாகச் செய்தாள். இந்தக் குப்பத்தில் யாரும் அப்படித் தரை துடைத்து ரோகிணி பார்த்ததில்லை.

"வுடும்மா, எழுந்திரு" என்றாள். "தாயைக் குடுத்துட்டு வந்துகீற, நீ போய் இதச் செய்யலாமா. நான் பாத்துக்கறேன்."

சுஷ்மிதா நிமிரவில்லை.

"பழக்கம்தான் சித்தி" என்றாள். "நீங்க கால கொஞ்சம் தூக்கிக்கோங்க."